பிறந்து ஒன்பது நாளில் காய்ச்சல்: சோதனை முடிவு வரும்முன்பே ஏன் ஆன்டிபயாடிக் போடுகிறார்கள்?

இரவு மணி 2. அக்காவுக்குக் குழந்தை பிறந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. பாப்பா மாலையிலிருந்து சரியாகப் பால் குடிக்கவில்லை. எழுப்பினால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் தூங்கிவிடுகிறது. நெற்றியைத் தொட்டால் லேசாகச் சுடுகிற மாதிரி இருக்கிறது. "பிள்ளை அசந்து தூங்குது, எழுப்பாதே. காலையில பார்த்துக்கலாம்" என்கிறார் பாட்டி. அத்தான் கைபேசியில் தேடிக்கொண்டிருக்கிறார். அக்கா உங்களைப் பார்க்கிறார்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். வெப்பமானியை எடுத்துப் பாருங்கள். 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இது பொதுவான விதி. வெப்பநிலை சரியாக இருந்தும் குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் அப்போதும் கிளம்ப வேண்டும்.

மருத்துவமனைக்குப் போனதும் அடுத்த குழப்பம் வரும். மருத்துவர் குழந்தைக்கு இரத்தம் எடுப்பார். முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும் என்பார். ஆனால் ஆன்டிபயாடிக் மருந்தை உடனே ஏற்ற ஆரம்பித்துவிடுவார். "என்ன கிருமின்னே தெரியாம இத்தனூண்டு பிள்ளைக்கு எதுக்கு ஊசி?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

உடம்பு முழுக்க ஒரு பாக்கெட் பான அளவு இரத்தம்

மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தம் ஏறக்குறைய 250 மில்லிலிட்டர். கோப்பிக் கடையில் வாங்கும் ஒரு பாக்கெட் பானம் அவ்வளவுதான் இருக்கும். சோதனைக்கு 1 மில்லிலிட்டர் எடுக்கவே தாதியர் ஏன் அவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்பது இப்போது புரியும்.

குழந்தையின் நோய் எதிர்ப்புச் சக்தியும் அதே மாதிரி கைம்மாற்றாக வாங்கியதுதான். தாயின் இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. அதில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நடக்கிறது. 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தச் சேமிப்பு குறைவு. குறைமாதக் குழந்தைகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கவனிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரியவர்களுக்குத் தோலிலோ சிறுநீர்ப் பையிலோ கிருமித்தொற்று வந்தால் அது பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். பச்சிளம் குழந்தைக்கு அந்தத் தடுப்பு பலமாக இல்லை. கிருமி இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் பரவும். இதைத்தான் செப்சிஸ் என்கிறார்கள். அங்கிருந்து அது மூளையைச் சுற்றியுள்ள உறைக்கும் போகலாம். காலையில் நன்றாகப் பால் குடித்த குழந்தை மாலையில் மூச்சுக்குத் திணறும் அளவுக்குப் போவது உண்டு. சோதனை முடிவு வர ஒன்றரை நாள் ஆகிறது, ஆனால் நோய்க்குச் சில மணி நேரமே போதும். மருத்துவர் காத்திருக்காததற்கு அதுதான் காரணம்.

அழுகிற பிள்ளையைவிட அழாத பிள்ளை

நமக்குக் காய்ச்சல் வந்தால் தலைவலி, இருமல், உடம்பு வலி என்று சொல்லுவோம். ஒன்பது நாள் குழந்தைக்கு அந்த வசதி இல்லை. சில சமயம் காய்ச்சலே வராது. உடம்பு குளிர்ந்துபோவதும் ஆபத்தின் அறிகுறிதான். குறைமாதக் குழந்தைகளிடம் அது அதிகம்.

உலகச் சுகாதார நிறுவனம் கவனிக்கச் சொல்லும் அறிகுறிகள் ஏழு. குழந்தை பாலைச் சரியாகக் குடிக்காது. தொட்டாலோ தூண்டினாலோ மட்டும்தான் அசையும், அல்லது அசையவே அசையாது. மூச்சு நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ ஓடும். மூச்சு விடும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி ஆழமாக உள்ளே இழுக்கும். வலிப்பு வரும். வெப்பநிலை 38 டிகிரிக்கு ஏறும், அல்லது 35.5க்குக் கீழே இறங்கும். ஏழும் சேர்ந்து வர வேண்டும் என்பதில்லை. ஒன்று இருந்தாலே போதும்.

மூச்சை எண்ணும்போது முழு ஒரு நிமிடமும் எண்ணுங்கள். பத்து விநாடி எண்ணி ஆறால் பெருக்காதீர்கள். பச்சிளம் குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. கொஞ்சம் ஓடும், கொஞ்சம் நிற்கும், மறுபடி ஓடும்.

பாட்டிகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிள்ளைக்குப் பால் குடிக்கும் முறையே மாறிவிட்டது என்பதை வீட்டில் முதலில் கண்டுபிடிப்பது பல நேரம் அவர்கள்தான். ஆனால் "மந்தமா இருக்கு" என்று ஓம நீரோ கிரைப் வாட்டரோ கொடுத்துப் பார்ப்பதில் போகும் மூன்று மணி நேரம் திரும்பக் கிடைக்காது. மருத்துவரைக் கேட்காமல் பாரசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை இறக்குவதும் வேண்டாம். காய்ச்சல் இறங்கும், கிருமி அங்கேயே இருக்கும்.

கிருமி எங்கிருந்து வருகிறது?

பிறந்த முதல் மூன்று நாளில் வரும் தொற்று பெரும்பாலும் பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து வருகிறது. அதில் இரண்டு பெயர்களை அடிக்கடி கேட்பீர்கள்: குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈகோலி.

குரூப் பி ஸ்ட்ரெப் என்ற பெயரைச் சிங்கப்பூரர்கள் வேறு ஒரு சம்பவத்தில் கேட்டிருப்பார்கள். 2015இல் பச்சை மீன் சேர்த்த கஞ்சி, யூஷெங் போன்றவற்றைச் சாப்பிட்ட பலருக்கு இந்தக் கிருமி தொற்றியது. அந்த ஆண்டு டிசம்பரில் உணவுக் கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறத் தடை வந்தது. அப்போது பாதிக்கப்பட்டவர்கள் பெரியவர்கள். அந்தக் கிருமி எஸ்டி 283 என்ற தனி வகை. குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் வேறு வகைகள். அவை மீனிலிருந்து வருவதில்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெண்ணின் குடலிலும் பிறப்புப் பாதையிலும் எந்தத் தொந்தரவும் செய்யாமல் இந்தக் கிருமி இருக்கிறது. அது அவருடைய சுத்தக் குறைவைக் காட்டுவதில்லை. பாலியல் நோயும் அல்ல. இதை மாமியார் வீட்டுக்கும் சேர்த்துச் சொல்லி வைப்பது நல்லது.

அதனால்தான் கர்ப்பத்தின் 35 முதல் 37ஆம் வாரத்தில் பஞ்சுக் குச்சியால் ஒரு சோதனை எடுக்கிறார்கள். கிருமி இருந்தால் பிரசவ வலி ஆரம்பித்ததும் தாய்க்கு இரத்த நாளம் வழியாகப் பென்சிலின் ஏற்றுவார்கள். குழந்தை பிறப்பதற்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பே கொடுத்தால் பலன் நன்றாக இருக்கும். அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் 1,000 குழந்தைகளில் 1.8 பேருக்கு முதல் வாரத்திலேயே வந்த இந்த நோய், இந்த முறை பரவிய பிறகு 0.2 அளவுக்குக் குறைந்தது.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. அந்தப் பென்சிலின் முதல் வாரத்தில் வரும் நோயைத்தான் தடுக்கிறது. ஒரு வாரத்துக்குப் பிறகு மூன்று மாதம் வரை வரக்கூடிய நோயை அது தடுக்காது. "அக்காவுக்கு டெஸ்ட் நெகட்டிவ், அதனால பாப்பாவுக்கு ஒண்ணும் இருக்காது" என்று நினைத்து இரவு 2 மணிக்கு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை. கண்டாங் கெர்பாவ் என்பதன் சுருக்கம்தான் கேகே. மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள். தேக்கா வட்டாரத்தில் ஒரு காலத்தில் மாடுகள் இருந்ததை பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்களும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கின்றன. 1924இல் அது மகப்பேறு மருத்துவமனை ஆனது. 1966இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. அது கின்னஸ் சாதனை. உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், குடும்பத்தில் ஒருவராவது அங்கே பிறந்திருப்பார். இப்போதுள்ள கட்டடத்துக்கு மருத்துவமனை வந்தது 1997இல்.

அங்கே போனாலும் சரி, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போனாலும் சரி, நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் இரத்தம் எடுப்பார்கள். அதை ஊட்டச்சத்துள்ள ஒரு புட்டியில் விட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். இதற்குப் பெயர் பிளட் கல்ச்சர். கிருமி இருந்தால் பெரும்பாலும் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் வளர்ந்துவிடும். மருந்து ஏற்றிய பிறகு இரத்தம் எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். அதனால் இரத்தம் முதலில், மருந்து அடுத்து, இரண்டுக்கும் நடுவில் தாமதம் கூடாது.

முதுகுத்தண்டில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுக்க அனுமதி கேட்பார்கள். பெற்றோர் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். "முடங்கிப் போயிடுமா?" என்று கேட்காத அப்பா இல்லை. தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி போகிறது. மூளையுறைக்குக் கிருமி போயிருக்கிறதா என்பதை அந்த நீர்தான் சொல்லும். அதைப் பொறுத்து மருந்தின் அளவு, வகை, எத்தனை நாள் என எல்லாமே மாறும்.

பிறகு மருந்து. பல நாடுகளில் பல ஆண்டுகளாக முதலில் எடுக்கிற ஜோடி இதுதான்: பென்சிலின் அல்லது அதன் உறவான ஆம்பிசிலின், கூடவே ஜென்டாமைசின். எந்தக் கிருமி என்று தெரியாததால் இரு பக்கமும் வலை விரிக்கிறார்கள். ஆம்பிசிலின் கிருமியின் சுவரைக் கட்டவிடாமல் செய்கிறது. சுவர் ஓட்டையானதும் ஜென்டாமைசின் உள்ளே போய்ப் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. சில கிருமிகளிடம் இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாகச் செய்வதைவிட நன்றாகவே வேலை செய்யும்.

வாய்வழியாக ஏன் கொடுப்பதில்லை? நோயுற்ற பச்சிளம் குழந்தையின் வயிறு எவ்வளவு மருந்தை உள்ளே எடுக்கும் என்று நம்பிச் சொல்ல முடியாது. ஜென்டாமைசின் குடல் வழியாக உடம்பில் சேர்வதே இல்லை.

சின்ன மனிதன் அல்ல

பெரியவருக்கான மருந்தை எடைக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுத்தால் போதாதா? 1950களில் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமல் இருக்கக் குளோராம்ஃபெனிக்கால் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தார்கள். குழந்தைகள் சாம்பல் நிறமாகி, உடம்பு குளிர்ந்து, இறந்தார்கள். 1959இல் வெளியான ஆய்வு அதை எண்ணிக்கையில் காட்டியது. மருந்து கொடுக்கப்படாத குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்தார். கொடுக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேல் இறந்தார்கள். அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் வேலையைச் செய்ய அவர்களின் கல்லீரல் இன்னும் தயாராகவில்லை. கிருமியிடமிருந்து காப்பாற்றக் கொடுத்த மருந்தே உள்ளே தேங்கி நஞ்சானது.

இன்று மருத்துவர்கள் காட்டும் கவனத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட கதைகள் இருக்கின்றன. பச்சிளம் குழந்தையின் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்வதால் ஜென்டாமைசினை 24 அல்லது 36 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று இடைவெளி விட்டுக் கொடுக்கிறார்கள். அளவு மீறினால் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கலாம். அதனால் நடுவில் இரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். "மறுபடியும் ஏன் ரத்தம் எடுக்கிறாங்க?" என்று நீங்கள் கேட்பது பெரும்பாலும் இதற்காகத்தான் இருக்கும். பெரியவர்களுக்குச் சாதாரணமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் என்ற மருந்தை மஞ்சள் காமாலை உள்ள பச்சிளம் குழந்தைக்குத் தவிர்க்கிறார்கள். மூளையைப் பாதிக்கக்கூடிய பித்த நிறமியை இரத்தத்தில் அது விடுவித்துவிடலாம். பதிலாக அதன் உறவான செஃபோடாக்சிம் உண்டு.

சிலருக்கு மரபிலேயே ஒரு சிறு மாற்றம் இருக்கும். அவர்களுக்கு ஜென்டாமைசின் சரியான அளவில் கொடுத்தாலும் காது கேட்காமல் போகலாம். இது அரிது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில், கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சால் தடவி அரை மணி நேரத்துக்குள் அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையை உருவாக்கியிருக்கிறார்கள். உங்கள் அம்மா வழியில் இப்படி மருந்துக்குப் பிறகு காது கேளாமல் போனவர் யாராவது இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மரபு தாய்வழியில்தான் வருகிறது.

ஆரம்பித்ததை ஏன் நிறுத்துகிறார்கள்?

இரண்டாம் நாள் மருத்துவர் வந்து "கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, பாப்பா நல்லா இருக்கு, மருந்தை நிறுத்துறோம்" என்று சொல்லலாம். அவசரமாக ஆரம்பித்துவிட்டு இப்போது நிறுத்துவதா என்று கோபம் வரும். ஆன்டிபயாடிக்கை முழுமையாக முடிக்க வேண்டும் என்றுதானே எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்?

தொற்று இருப்பது உறுதியானால்தான் அந்தப் பேச்சு. இரத்தத்தில் கிருமி இருந்தால் பொதுவாக 7 முதல் 10 நாள். மூளையுறையில் குரூப் பி ஸ்ட்ரெப் இருந்தால் 14 நாள். ஈகோலி போன்றவை இருந்தால் 21 நாள். கிருமியே இல்லாத குழந்தைக்கு மருந்தைத் தொடர்வதில் லாபம் எதுவும் இல்லை. குடலில் அப்போதுதான் குடியேறிக்கொண்டிருக்கும் நல்ல பாக்டீரியாக்களை அது அழிக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்குத் தேவையின்றி நீண்ட நாள் கொடுப்பதைக் கடுமையான குடல் நோயுடன் ஆய்வுகள் தொடர்புபடுத்தியிருக்கின்றன. ஆரம்பித்தது தவறும் அல்ல, நிறுத்தியது அலட்சியமும் அல்ல. முதல் நாள் இருந்த தகவலுக்கு அது சரி, இரண்டாம் நாள் இருக்கும் தகவலுக்கு இது சரி.

அதே இரண்டு மருந்து வேறு ஊரில்

நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்மில் பலருக்கு அது சொந்த விஷயம்.

மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி 1990களில் ஒரு முயற்சி செய்தார்கள். மருத்துவமனைக்குப் போக முடியாத கிராமங்களில் ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் வீடு வீடாகப் போய்க் குழந்தையின் மூச்சை எண்ணினார்கள், எடை பார்த்தார்கள். செப்சிஸ் அறிகுறி தெரிந்தால், பெற்றோர் மருத்துவமனைக்குப் போக மறுத்தால், ஜென்டாமைசின் ஊசியும் வாய்வழி மருந்தும் கொடுத்தார்கள். முதல் மாதத்தில் இறக்கும் குழந்தைகளின் விகிதம், ஒப்பிட்டுப் பார்த்த மற்ற கிராமங்களைவிட 62 விழுக்காடு குறைந்தது. 1999இல் லான்செட் இதழில் அது வெளியானது. பெரிய கட்டடம் இல்லை, இயந்திரம் இல்லை. சரியான நேரத்தில் மலிவான மருந்து, அவ்வளவுதான். மருத்துவமனைக்குப் போக வழியே இல்லாத குடும்பங்களுக்கு எளிமையான முறையில் ஆன்டிபயாடிக் கொடுக்க 2015இல் உலகச் சுகாதார நிறுவனமும் வழிகாட்டியது.

அந்த மலிவான மருந்து இன்று பல இடங்களில் தோற்றுக்கொண்டிருக்கிறது. டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 13,530 பச்சிளம் குழந்தைகளை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அவர்களில் 14.3 விழுக்காட்டினருக்குச் செப்சிஸ். அங்கே முதலிடத்தில் இருந்தவை அசினெட்டோபாக்டர், க்ளெப்சியெல்லா. அசினெட்டோபாக்டரில் 82 விழுக்காடும் க்ளெப்சியெல்லாவில் 54 விழுக்காடும் பல மருந்துகளுக்கு அடங்காதவை. 2018 முதல் 2020 வரை 11 நாடுகளில் செப்சிஸ் சந்தேகத்தில் சிகிச்சை பெற்ற 3,204 குழந்தைகளை இன்னோர் ஆய்வு பின்தொடர்ந்தது. அவர்களில் 11.3 விழுக்காட்டினர் இறந்தார்கள். அங்கும் அதிகம் தென்பட்டது க்ளெப்சியெல்லாதான். வழக்கமான ஜோடி வேலை செய்யாமல் மருத்துவர்கள் கடைசிக்கு வைத்திருக்கும் மருந்துகளை முதலிலேயே எடுக்க வேண்டியிருந்தது.

புதிய மருந்து வராதா? 2000ஆம் ஆண்டிலிருந்து பெரியவர்களுக்கு அனுமதி கிடைத்த 40 ஆன்டிபயாடிக் மருந்துகளில் நான்கின் குறிப்பில் மட்டுமே பச்சிளம் குழந்தைக்கான அளவு சொல்லப்பட்டிருக்கிறது. குழந்தைகளிடம் சோதனை நடத்துவது கடினம், லாபமும் குறைவு. அதனால் இப்போது பழைய மருந்துகளையே புதிய ஜோடிகளாகச் சேர்த்துப் பார்க்கிறார்கள். நியோசெப்1 என்ற அனைத்துலகச் சோதனை ஃபாஸ்ஃபோமைசின், ஃப்லோமோக்செஃப், அமிகாசின் மூன்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்து ஒப்பிடுகிறது. தென்னாப்பிரிக்காவிலும் கென்யாவிலும் அது ஆரம்பித்திருக்கிறது.

பிரசவத்துக்குத் தாய்வீடு என்று திருச்சிக்கோ மதுரைக்கோ போகிறவர்கள் நம்மிடையே உண்டு. போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அங்கே குழந்தை மருத்துவமனையில் தங்கியிருந்து, பிறகு இங்கே வந்து காய்ச்சல் வந்தால், அதை முதல் ஐந்து நிமிடத்திலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். எந்த ஊர், எத்தனை நாள், என்ன மருந்து ஏற்றினார்கள் என்பதெல்லாம் எந்த ஆன்டிபயாடிக்கை முதலில் எடுப்பது என்ற முடிவையே மாற்றலாம். டிஸ்சார்ஜ் தாள் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

அந்த இரவு 2 மணிக்கு நீங்கள் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியது குழந்தையின் சுகாதாரக் கையேடு, பிரசவத் தாள்கள். எத்தனை வாரத்தில் பிறந்தது, பனிக்குடம் உடைந்து எவ்வளவு நேரத்துக்குப் பிறகு பிறந்தது, பிரசவத்தின்போது அக்காவுக்குக் காய்ச்சல் இருந்ததா, குரூப் பி ஸ்ட்ரெப் சோதனை முடிவு என்ன, கடைசியாக எப்போது பால் குடித்தது, கடைசி ஈர அணையாடை எப்போது என்று கேட்பார்கள். அக்கா பதற்றத்தில் இருப்பார், அதனால் டாக்சியில் போகும்போதே கேட்டு நீங்கள் கைபேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு மூச்சுத் திணறினாலோ, வலிப்பு வந்தாலோ, உதடு நீலமானாலோ டாக்சி தேட வேண்டாம். 995ஐ அழையுங்கள்.